தாங்கும் என்று சொன்னேன்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், கான்ஸ்டபிள். ஏலக்காய் ரொட்டி நேற்றுச் சுட்டது, ஆனாலும் மெத்தென்றுதான் இருக்கிறது. காலையிலேயே இவ்வளவு தூரம் படகில் வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு கேள்வி கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும், எனக்கும் பேச்சு ஓடாது. எங்கள் வீட்டுக் காபியைக் குடித்து இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். ஸ்வேயா ஏன் அந்த வழியில் போனாள், அவ்வளவுதானே. சொல்கிறேன். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். எலிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், அதிக நேரம் ஆகாது.

கொட்டகைக்குப் பின்னால் தகரம் அடித்த வேலிகள் தெரிகின்றன அல்லவா, அதற்குள்தான் என் வயலெலிகள். குட்டை வால், மொழுக்கென்று மூக்கு, கையில் எடுத்தால் ஒரு கோழிமுட்டை அளவு இருக்கும். பல்கலைக்கழகத்துக்காக இவற்றை வளர்க்கிறேன், எண்ணுகிறேன், செத்தால் அறுத்துப் பார்க்கிறேன். போர் முடிந்த வருஷத்திலிருந்து இதுதான் என் வேலை. கரையில் என்னை 'எலியக்கா' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு வருத்தமில்லை. பொருத்தமான பெயர்தான்.

ஒரு வேலிக்குள் ஒரே ஒரு ஜோடியை விடுங்கள். தின்ன ஓட்ஸ், குடிக்கத் தண்ணீர், படுக்க வைக்கோல், எதற்கும் குறை வைக்காதீர்கள். கோடை முடிவதற்குள் வேலி நிரம்பிவிடும். வேடிக்கை அதற்கப்புறம்தான். தீனி கொட்டிக் கிடக்கும், ஆனால் எண்ணிக்கை ஏறாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொருத்தன் முதுகு என்று நாள் முழுக்க இடித்துக்கொண்டு வாழ்ந்தால் உடம்பே மாறிப்போகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்டதுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். பயம், கோபம் எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு. நெரிசலில் அது வீங்கும். அது வீங்கினால் மற்றதெல்லாம் சுருங்கும். ஆணுக்கு ஆசை போய்விடும். பெண்ணின் வயிற்றில் தங்கிய கரு தங்கிய இடத்திலேயே கரைந்துவிடும். பிறந்த குட்டிகளுக்குப் பால் போதாது. நேற்றுவரை ஒரே வைக்கோலில் சுருண்டு படுத்த ஜோடி, இன்று ஒன்றைப் பார்த்து ஒன்று பல்லைக் காட்டும். யாரும் அவற்றை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கூட இருப்பவர்கள் அதிகம், அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

இப்போது ரூனாருக்கு வருகிறேன். என் தம்பி. என்னைவிட நான்கு வயது சின்னவன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு ஃபோர்ஹாரு தீவில் நாங்கள் இரண்டு பேர்தான். வலையும் ஆடும் அவன் பொறுப்பு, அடுப்பும் எலியும் என் பொறுப்பு. சாயங்காலம் நான் எலியை அறுத்துக்கொண்டிருப்பேன், அவன் எதிரே உட்கார்ந்து பழைய செய்தித்தாளை உரக்கப் படிப்பான். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சால்மன் மீனுக்கு அலைகிறவர்கள் உண்டு, அவனுக்குப் பொடிமீனைப் புகைபோட்டு வெண்ணெயோடு கொடுத்தால் போதும். அதுவும் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு முள் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கரையில் இருக்கும் எங்கள் ஹுல்டா சித்தியும் சிரிப்பாள்.

போன இலையுதிர்காலத்திலிருந்து அவன் வாரநாட்களில் முகச்சவரம் செய்ய ஆரம்பித்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கரையில் இருக்கும் ஸ்வேயா. கப்பலுக்கு வழிகாட்டப் போய்த் திரும்பாத வெர்னரின் விதவை. மீன் கொடுக்கப் போகிறவன் வெறுங்கூடையோடு அரைநாள் கழித்து வருவான். கிறிஸ்துமஸுக்கு முன்னால், வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நானும் ஸ்வேயாவும் கல்யாணம் பண்ணிக்கப்போறோம்."

"நல்லது. இங்க வந்து குளிரைத் தாங்குவாளா?"

"இங்க இல்லக்கா. பனி போனதும் நான் அங்க போயிடறேன். அவளுக்கு மாடு இருக்கு, நெலம் இருக்கு. ஆடுகள வித்துடலாம்."

"அப்ப நான்?"

"நீயும் வந்துடேன். மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. அவளே சொன்னா."

எலிகளை என்ன செய்வதாம் என்று கேட்டேன். அவன் வலையின் அடுத்த முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தான்.

நான் கோபப்படவில்லை. கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன், அன்றைக்கே பாதாம் கேக் சுட்டேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம், அதுவும் தொழில்முறைச் சந்தேகம். இந்த ஆசை வசதியில் வளர்ந்த ஆசை. ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கரை, இரண்டே பேர். ஒரு வேலிக்குள் ஒரு ஜோடி மாதிரி. அப்படி விட்டால் எந்த ஜோடிதான் சுருண்டு படுக்காது. கூட்டத்தில் வைத்து யாரும் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை. என் சொந்தத் தம்பி வாழ்க்கையையே மாற்றும் முடிவு எடுக்கிறான், சோதிக்காமல் விடலாமா?

மார்ச் கடைசியில் அவனுக்கு ஐம்பது வந்தது. ஐம்பது என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், கால் இருக்கிறவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். கடல் உறைந்த பனிமேல், வழி தெரிய ரூனார் நட்டிருந்த மரக்கிளைகளை ஒட்டி, குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் கடைக்காரர் பிர்கெர் ஒரு கும்பலை ஏற்றிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் காலால் உதைத்து ஓட்டும் சறுக்குவண்டிகளில் வந்தார்கள். ஸ்வேயாவோடு சேர்த்துப் பதினொரு பேர். ரூனாருக்கு முன்னும் பின்னும் ஆடும் நாற்காலி ஒன்று கொண்டுவந்தார்கள், அதில் அவனை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன். எனக்கு நல்ல குரல்.

மாடியில் இரண்டு அறை உண்டு. புகைக்கூண்டில் விரிசல், நெருப்பு போட முடியாது என்று சொல்லிப் பூட்டிவிட்டேன். விரிசல் இருக்கிறது, பொய் இல்லை. ஐந்தாறு வருஷமாக இருக்கிறது. ஆகவே எல்லோரும் கீழே, இந்தச் சமையலறையிலும் முன் அறையிலும். ஒரு ராத்திரிதானே என்று யாரும் முகம் கோணவில்லை.

பனி விஷயத்தில் நம் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீவில் இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் காலையில் இரும்புமுனைக் கம்போடு இறங்கிக் குத்திப் பார்ப்பார். திரும்பி வந்து ஒரே வார்த்தை சொல்வார்: தாங்கும், அல்லது தாங்காது. அதற்குமேல் பேச்சில்லை. விருந்துக்கு வந்தவர் தன் கம்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரின் பனியைக் குத்திப் பார்த்தால், அடுப்பில் இருக்கும் பானையைத் திறந்து மோந்து பார்த்ததற்குச் சமம். அப்பாவுக்குப் பிறகு எங்கள் தீவில் அந்தக் கம்பு என் கையில். ரூனாரே என்னைக் கேட்காமல் இறங்கமாட்டான். நான் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, அதுதான் காரணம்.

விருந்துக்கு மறுநாள் காலை இறங்கினேன். குத்தினால் மூடிய கதவைத் தட்டினதுபோல் கெட்டியான சத்தம். பாரம் ஏற்றிய குதிரையை ஓட்டலாம். திரும்பி வந்து காலணியை உதறினேன்.

"தாங்காது," என்றேன்.

தெற்குக் காற்று அடிக்கிற பருவம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது, அந்த இரண்டுங்கெட்டான் காலம் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அய்யய்யோ, கடைச் சாவி எங்கிட்டல்ல இருக்கு!" என்றார் பிர்கெர்.

"இருந்துட்டுப் போவட்டும். ஒன் தராசுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா? பாவம், எத்தன வருஷமா ஒரே பக்கம் சாஞ்சுக்கிட்டு நிக்குது," என்றாள் ஹுல்டா சித்தி.

"சித்தி, நீங்க வாங்குன சர்க்கரையில கொறைஞ்சா சொல்லுங்க."

"கொறைஞ்சது சர்க்கரை இல்லப்பா, மானம்."

வீடே சிரித்தது. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கூண்டில் முதல்நாள் யாரும் சிரிப்பதில்லை.

படுக்கை போடுவது என் பொறுப்பு. ஸ்வேயாவுக்கும் ரூனாருக்கும் நடுவில் ஹுல்டா சித்தியைப் போட்டேன். சித்தியின் குறட்டை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கடலில் மூடுபனிக்கு ஊதும் சங்கு தோற்றுவிடும். பிர்கெரின் கால்கள் ஸ்வேயாவின் தலைமாட்டில். அடுப்பில் வேண்டுமென்றே அதிகமாக விறகு வைத்தேன். வெளியே கழிப்பறைக்கு வரிசை, முகம் கழுவ வரிசை, ரொட்டி தடவ ஒரே கத்தி. இரண்டு மூன்று நாள் எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. யாரோ யாருடைய காலுறையையோ போட்டுக்கொண்டதற்குப் பெரிய வாய்த்தகராறு. பிர்கெர் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஸ்வேயா காபி ஊற்றும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன். எனக்குள் ஒரு சந்தோஷம். சுரப்பி வீங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சித்தி தூக்கத்தில் பிர்கெரைத் தன் செத்துப்போன புருஷன் என்று நினைத்துக் குட்டியிருக்கிறாள், அதை ரூனார் கண்ணாலேயே அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். ஒருவன் அக்கார்டியன் வாத்தியத்தை எடுத்தான். மேஜையைத் தூக்கி வெளியே பனியில் வைத்துவிட்டு இந்தச் சமையலறையில் நடனம் ஆடினார்கள். ஸ்வேயா எல்லா ஆண்களுக்கும் முடி வெட்டிவிட்டாள், அதுவும் நான் எலி அறுக்கும் கத்தரியால். கேட்டுத்தான் எடுத்தாள். சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் பெண்கள் கும்பல் போய்விட்டு வரும்போது பாட்டு தீவின் அந்தப் பக்கம்வரை கேட்கும். யார் எந்த ஊர் வம்பை மறந்தார்களோ அதை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார்.

காபி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். மாடியில் அரை மூட்டை இருந்தது. காபி இல்லாமல் நம் ஆட்கள் எத்தனை நாள் மனிதர்களாக இருப்பார்கள், சொல்லுங்கள். ஆனால் பிர்கெர் எழுந்துபோய் என் எலிகளின் ஓட்ஸை வறுத்து அரைத்துக் கொதிக்கவைத்தார்.

"போர்க்காலத்துல குடிச்ச மாதிரியே இருக்கு!" என்றான் ஒருவன்.

"அதவிட மோசம். அப்பல்லாம் பிர்கெர் வறுக்கல," என்றாள் சித்தி.

ரூனார் ஆடும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அது எனக்கு வலித்தது, கான்ஸ்டபிள். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஆட்டத்தில் அவன் கால் பிசகி, கணுக்கால் பந்துபோல் வீங்கியது. ஸ்வேயா அதற்குக் கட்டுப் போட்டுவிட்டு, அந்தக் கட்டின்மேல் ஒரு முத்தமும் வைத்தாள். எல்லோரும் பார்க்க. ஒருவரும் கண்ணைத் திருப்பவில்லை, கைதட்டினார்கள்.

இதற்குள் வெளியே பனி நிஜமாகவே மாற ஆரம்பித்தது. மழை பெய்தது. தொலைவில் பனி கறுத்துத் தெரிந்தது. நான் காலையில் 'தாங்காது' என்றால் அது பாதி உண்மையாகிவிட்டது.

ஒருநாள் எலிக் கொட்டகைக்கு ஸ்வேயா என் பின்னாலேயே வந்தாள், தீனி போட உதவுகிறேன் என்று. நெரிசல் வேலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுங்களுக்குக் கஷ்டமா இருக்காதாக்கா?"

"இருக்கும். அதத்தான் பாக்கறேன்."

"டாக்னியக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? போன வாரம் தண்ணி மோக்கப் போனப்ப பனி நல்லா கெட்டியா இருந்த மாதிரி தோணிச்சு. நான் கம்பு வெச்சுப் பாக்கல, அது மரியாத இல்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் ஓட்ஸை அளந்து போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை.

"ரூனார விட்டுட்டு இருக்கறது ஒங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்களும் வந்துடுங்க. எலிகளயும் கூட்டிட்டு வாங்க, எங்க கொட்டகை பெருசு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. ரூனாருக்கே இன்னும் சொல்லல. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. இந்த வயசுல, நம்ப முடியுதா? கரைக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு நிச்சயமானதும் அவர்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன். ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவள் அவ்வளவு அன்பாகப் பேசியதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை. வாழ்த்துக்கள் என்றேன். நெரிசலில் கரு தங்காது என்று பதினைந்து வருஷமாக எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் கொட்டகையில் நின்றுகொண்டு அவள் இதைச் சொன்னாள். அன்று மதியம் யோசித்தேன். கூட்டம் உதவவில்லை. எண்ணிக்கை குறைவதற்குப் பதில் ஏறப்போகிறது. சோதனையில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவளுடைய மாடு கன்று போடும் நேரம். பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் இரண்டு நாளைக்குத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரூனாரால் காலை ஊன்ற முடியாது. அன்று ராத்திரி தெளிவான வானம், மறுநாள் காலையில் மேலே மெல்லிய உறைவு. நான் இறங்கிப் போய்வந்தேன். சமையலறையில் எல்லோரும் ஓட்ஸ் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

"டாக்னியக்கா, தாங்குமா?" என்று கேட்டாள் ஸ்வேயா.

"தாங்கும்," என்று சொன்னேன். "ஆனா ஒரே ஒரு ஆளத்தான். குதிரைய இல்ல. கூட்டமாவும் போகக்கூடாது. கெளை நட்ட வழியாவே போ, எங்கயும் வெலகாத."

எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். சித்தி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். பிர்கெர் கடைச் சாவியைக் கொடுத்து, "கண்ணு, கதவ மட்டும் தொறந்து வெச்சுடு, எடைய அவங்களே பாத்துக்கட்டும்," என்றார். ரூனார் ஒற்றைக் காலில் வாசல்வரை தத்தித் தத்தி வந்தான்.

"பாத்துப் போ."

"ஒங்கக்கா பாத்துட்டாங்கல்ல," என்றாள்.

என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சறுக்குவண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பினாள். சிவப்புச் சால்வை. தீவு முனையில் அவள் மறைகிறவரை எல்லோரும் கையை ஆட்டினார்கள். நான் உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவினேன். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

டெலிபோன் எங்கள் தீவுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே எல்லோரும் இருந்தார்கள். அன்று சாயங்காலம் பிறக்கப்போகும் கன்றுக்காக ஒரு பாட்டில் திறந்தார்கள். அதற்குப் பெயர் வைப்பதில் பெரிய போட்டி. சித்தி 'கறுப்பி' என்றாள். கன்றைப் பார்க்காமல் எப்படிக் கறுப்பி என்று பிர்கெர் சண்டைக்குப் போனார். ரூனார் 'வசந்தம்' என்று சொன்னான், சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். நானும் ஒரு பெயர் சொன்னேன், அதுதான் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பனி உடைந்து படகு வரும்வரை அப்படியே சந்தோஷமாகப் போயிற்று.

முதல் படகில் அந்தப் பக்கத்துவீட்டுப் பெண் வந்தாள். படகிலிருந்து இறங்காமலேயே, ஸ்வேயா எங்கே, மாடு கன்று போட்டுவிட்டது, இவ்வளவு நாளா வராமல் இருப்பாள் என்று திட்டிக்கொண்டே கேட்டாள். மீதி உங்களுக்குத் தெரியும். தீவுகளுக்கு நடுவே குறுகலாக ஓடும் நீரிணையில் வலைபோட்டவர்களுக்குத்தான் கிடைத்தாள். சால்வை இருந்தது. கடைச் சாவியும் பையில் இருந்தது.

நீங்கள் கிளைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. பனிக்கால வழி எப்போதும் வடக்கே சுற்றித்தான் போகும், கிளைகளை நட்டதே ரூனார்தான். நீரிணையில் அடியில் நீரோட்டம், எல்லா இடத்துக்கும் முன்னால் பனி அங்கேதான் போகும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மழைக்குப் பிறகு எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக ஒரே மாதிரி இருந்தது, கிளைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். பழைய வழியில் அங்கங்கே கறுப்புத் திட்டு தெரிந்ததால் நான் மாற்றி நட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். நேற்றுக்கூட அப்படித்தான் தயார்செய்து வைத்திருந்தேன். வேண்டாம். நன்றாக விடிந்த வெளிச்சத்தில், அவர்கள் உள்ளே ஓட்ஸ் வறுத்துக்கொண்டிருந்தபோது, தீவு முனைக்கு அப்பால், வீட்டிலிருந்து தெரியாத ஏழெட்டுக் கிளையைப் பிடுங்கி நீரிணைப் பக்கமாக நட்டேன். வடக்கு வழி அன்றைக்கு ஓர் ஆளைத் தாங்கியிருக்கும். நீரிணை ஒரு நாயைக்கூடத் தாங்கியிருக்காது. தெரிந்துதான் சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். பேனா மை தீர்ந்தால் மேஜை இழுப்பறையில் இன்னொன்று இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குக் குறை. கரையில் டாக்டர் அவளை அறுத்துப் பார்த்தார் அல்லவா, அவரிடம் போய், சுரப்பியை எடை போட்டீர்களா, கரு இருந்ததா கரைந்திருந்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அது தெரிந்திருந்தால் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். ரூனாருக்குக் குழந்தை விஷயம் இன்னும் தெரியாது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் சொல்லமாட்டேன், அவன் மனசு மெல்லிசு.

அவன் இப்போது என் கையால் சாப்பிடுவதில்லை. படகுக் கொட்டகையில் படுக்கிறான். வேலியைத் திறந்துவிட்டால் எலிகளும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், ஒரு மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். உடம்பு பழைய நிலைக்கு வர நாளாகும்.

அந்தச் சத்தமா? அவன்தான், உங்கள் படகில் சாமான் ஏற்றுகிறான். காலையிலிருந்து ஏற்றுகிறான். வலைகள், துப்பாக்கி, அப்பாவின் சுவர்க்கடிகாரம், குளிர்கால மேல்கோட்டுகூட எடுத்து வைத்திருக்கிறான், இந்த மே மாசத்து வெயிலில். நாயையும் ஏற்றிவிட்டான். இந்தப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள், புகைபோட்ட மீன், முள் எடுத்திருக்கிறேன். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். நான் உங்களோடு வரவேண்டுமானால் வருகிறேன், மேல்சட்டையை மட்டும் போட்டுக்கொள்கிறேன். இரண்டு நாளில் அவன் சரியாகிவிடுவான், பாருங்கள். வீடு இப்போது காலியாக, அமைதியாக இருக்கிறது, கரையிலும் அவனுக்கென்று யாரும் இல்லை. இனிமேல் அவன் என்னை விட்டுப் போவதற்குக் காரணமே இல்லையே.